நாற்காலியை முதலில் போடுங்கள்

"வயது 43. டோம்பிவிலியில் ஒன் பிஎச்கே வீடு, ஃபோர்ட்டில் வேலை. நாலு வருஷமாக அக்ரிலிக்கில் அப்ஸ்ட்ராக்ட் வரைகிறேன். ஞாயிறு காலை பத்திலிருந்து இரண்டு மணி வரைதான் எனக்கென்று கிடைக்கும் நேரம். அந்த நாலு மணி நேரமும் காபிக்குக்கூட நிறுத்தாமல் வரைகிறேன். ஆரம்பம் நன்றாக வருகிறது. முடிக்கும்போது எல்லாம் சாம்பலும் சேறுமாக ஆகிவிடுகிறது. மூட் வராத ஞாயிறு அப்படியே வீணாகப் போகிறது. படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தனி ஸ்டுடியோ இல்லாமல் இதெல்லாம் சரிப்படுமா? ஆயிலுக்கு மாறினால்தான் உருப்படும் என்கிறாள் ஒரு தோழி. மாமியார் ஒவ்வொரு படத்தையும் பார்த்து 'இது என்னம்மா?' என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரே படத்தை மூன்று நேரங்களில் எடுத்த போட்டோக்களை அனுப்பியிருக்கிறேன்."

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

போட்டோக்களிலிருந்தே தொடங்குகிறேன். முதல் போட்டோ 11 மணிக்கு எடுத்தது என்று குறித்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில் வெளுத்த பச்சை ஒன்று, மழைக்காலச் சுவரில் பாசி இறங்குகிற மாதிரி மேலிருந்து கீழே வருகிறது. நடுவில் பெரிய செங்காவி. வலது கீழ் மூலையில் கேன்வாஸின் வெள்ளை தொடாமல் கிடக்கிறது. 12.30 போட்டோவில் அந்த வெள்ளையைக் காணோம், அங்கே ஒரு நீலம் உட்கார்ந்திருக்கிறது. 2 மணி போட்டோவில் பச்சையும் இல்லை, காவியும் இல்லை. அடுப்பு துடைத்த துணியைப் பிழிந்த தண்ணீர் நிறம். நீங்களே சேறு என்று எழுதிவிட்டதால் துணிந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 11 மணிப் படம் நல்ல படம். முடிந்த படம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு வாரம் சுவரில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டிய படம். நீங்கள் அதை ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை என்பது என் ஊகம். காபிக்குக்கூட நிறுத்துவதில்லை என்ற வரி அதைக் காட்டிக் கொடுக்கிறது. கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள்.

நிறுத்துங்கள். காபி போடுங்கள். சமையலறை நாற்காலியை எடுத்து வந்து, படத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் போட்டு உட்காருங்கள். ஒன் பிஎச்கேயில் ஏழெட்டு அடி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பால்கனிக் கதவில் கேன்வாஸைச் சாய்த்துவிட்டு, சமையலறை வாசலில் நாற்காலி போட்டால் அநேகமாகக் கிடைத்துவிடும். குறுக்கே யாராவது போய்வருவார்கள், போகட்டும்.

மாம்பழம் வரைகிறவருக்கு எதிரே மாம்பழம் இருக்கிறது. நிமிர்ந்து பார்ப்பார், குனிந்து திருத்துவார். அவர் கை நின்று நின்றுதான் வேலை செய்யும். அரூப ஓவியம், அதாவது அப்ஸ்ட்ராக்ட், வரைகிற நமக்கு எதிரே ஒன்றும் இல்லை. வரைந்துகொண்டிருக்கும் படமேதான் நமக்கு மாம்பழம். அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்து அடுத்த கோட்டைப் போடுவது? பிரஷ்ஷை ஈரத் துணியில் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காருவதும் வேலைதான். என் கணக்கில் அதுதான் பாதி வேலை. நான் ஒரு மணி நேரம் படத்தோடு இருந்தால் கை வேலை செய்வது இருபது நிமிஷம் இருக்கும். வயதானதால் அல்ல, நாற்பது வயதிலேயே இப்படித்தான்.

இந்த மும்பையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. வி. எஸ். காய்தோண்டே 1924இல் நாக்பூரில் பிறந்தவர், இங்கே கிர்காவில் ஒரு சாலில், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில், வளர்ந்தவர், 1948இல் ஜே.ஜே. கலைப் பள்ளியில் டிப்ளமா முடித்தவர். பிரஷ்ஷைவிட ரோலரையும் பேலட் கத்தியையும் நம்பி, ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போட்டு, பிறகு சுரண்டி எடுத்து வேலை செய்தார். ஒரு வருஷத்தில் அவர் முடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நேரம் எல்லாம் உட்கார்ந்து பார்த்ததுதான். 1984இல் ஒரு விபத்துக்குப் பிறகு சில வருஷங்கள் அவரால் பெரிய கேன்வாஸில் வேலை செய்ய முடியவில்லை. அப்போது சிறிய காகிதங்களில் மையால் வரைந்தார். அவற்றைச் சமாதானத்துக்குச் செய்த வேலை என்று யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. இடம் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மை ஓவியங்கள்தான்.

சரி, சேறு எப்படி வருகிறது என்று பார்ப்போம். உங்கள் போட்டோக்களில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. சாம்பல் வேறு, சேறு வேறு.

சாம்பல் வருவது வெள்ளையால். அக்ரிலிக் பெயின்டில் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அதனால் ஈரத்தில் பார்த்த நிறம் காயும்போது ஒரு படி கறுக்கும். நீங்கள் 11 மணிக்குப் பூசியது 11.30க்கு இருண்டு தெரிகிறது. ஐயோ, இருட்டாகிவிட்டதே என்று வெள்ளை கலந்து மேலே பூசுகிறீர்கள். அதுவும் காய்ந்து இருள்கிறது, மறுபடியும் வெள்ளை. டைட்டானியம் வெள்ளை எதையும் மூடிவிடும் முரட்டு வெள்ளை. நாலு சுற்றில் எல்லா நிறமும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரே மருந்து, காயும் வரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது. ஓர் ஓரத் தாளில் அதே நிறத்தைத் தீற்றிக் காயவிட்டுப் பார்த்தால் உண்மை நிறம் தெரியும். ஜூலை மழையில் காய இன்னும் நேரமாகும், டேபிள் ஃபேனைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேறு வருவது ஈரத்தில் ஈரம் கலப்பதால். உங்கள் பச்சையும் செங்காவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கிற ஜோடி. கலந்துவிட்டால் ஒன்றை ஒன்று கொன்றுவிடும்.

உங்கள் மாமியாரை இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன். மாட்டுங்காவில் பட்டுப்புடவை எடுக்கப் போயிருப்பார். மயில்கழுத்து நிறம் கேட்டிருப்பார். அந்த நிறம் எந்தச் சாயத் தொட்டியிலும் கிடையாது. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் கலக்காமல், ஒன்றன் குறுக்கே ஒன்று ஓடுகின்றன. மடிப்பு திரும்பும்போது நீலம், விரியும்போது பச்சை. இரண்டு சாயத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றியிருந்தால் அந்த மினுக்கல் வந்திருக்காது. கேன்வாஸிலும் இதையே செய்யலாம். அடியில் ஒரு நிறம் போட்டு முழுசாகக் காயவிடுங்கள். அதன் மேல் ஒளி ஊடுருவும் இன்னொரு நிறத்தை, கிளேசிங் மீடியம் என்ற நிறமில்லாத அக்ரிலிக் பசை சேர்த்து மெல்லிசாக ஓட்டுங்கள். வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி நீர்க்கவிட்டால் பசை பலமிழந்து, பின்னால் நிறம் பொடியாக உதிரலாம், அதனால்தான் மீடியம்.

எந்த நிறம் ஊடுருவ விடும், எது மூடும் என்பது நல்ல தரமான டியூபில் ஒரு சின்னச் சதுரமாகப் போட்டிருக்கும். வெறும் சதுரம் என்றால் ஊடுருவும், கறுப்பாக நிரப்பிய சதுரம் என்றால் மூடும். அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், குயினாக்ரிடோன் சிவப்பு எல்லாம் ஊடுருவும் கூட்டம். யெல்லோ ஆக்கர், காட்மியம் வகைகள் மூடும் கூட்டம். டியூபைத் திருப்பிப் பாருங்கள், பிபி 29, பிடபிள்யூ 6 என்று நிறமிக் குறியீடும் இருக்கும். ஒரே டியூபில் மூன்று குறியீடு இருந்தால் அது ஏற்கெனவே கலவை. அப்படிப்பட்ட இரண்டு டியூபைக் கலந்தால் ஆறு நிறமிகள் அடித்துக்கொள்ளும், சேறு வராமல் என்ன வரும்? பன்னிரண்டு டியூப் பெட்டியை மூடி வையுங்கள். ஒரு மாசத்துக்கு மூன்று டியூபும் ஒரு வெள்ளையும் போதும். எந்த மூன்று என்று கேட்காதீர்கள், அதைத் தேர்ந்தெடுப்பதே உங்கள் முதல் படம்.

மாமியாரின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை நாலு விரல் அகலமா, ஆறு விரல் அகலமா என்று அரை மணி நேரம் கடைக்காரரிடம் வாதாடுகிறவர்கள் யாரும் அந்தப் புடவையைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்பதில்லை. நிறத்தையும் அளவையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் கண் அவருக்கு உங்களைவிட முப்பது வருஷம் மூத்தது. அவருக்கு விளக்கம் சொல்ல முயலாதீர்கள். "அத்தை, இந்த ஓரம் இந்த அகலம் போதுமா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதை எல்லாம் செய்ய வேண்டாம். ஆனால் அவர் விரல் எந்த இடத்தைக் காட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து, கலைப் பள்ளியில் படித்தவர்களைவிடப் புடவை எடுக்கத் தெரிந்தவர்கள் தப்பான இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி, எப்போது முடிந்தது? இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், நான் வைத்திருக்கும் சோதனையைச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது மனசில் வருகிற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "மேலே அந்த மஞ்சள் கனமாக இருக்கிறது, இடது பக்கம் சாய்கிறது" என்று வந்தால், வேலை இருக்கிறது, எழுந்து செய்யுங்கள். "ஏதோ குறையுது" என்று மட்டும் வந்தால் எழுந்திருக்காதீர்கள். அந்த 'ஏதோ'வுக்காக எழுந்தபோதுதான் உங்கள் வெள்ளை மூலை போனது என்று நினைக்கிறேன். காலியாக இருக்கிறதே என்று கை துறுதுறுத்திருக்கும். அந்த வெள்ளைதான் பச்சைக்கும் காவிக்கும் மூச்சு விட இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

'ஏதோ குறையுது' தொடர்ந்து வந்தால் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு வாரம் வையுங்கள். வாரம் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பழகிவிடும், பழகியது சரியாகத் தெரியும். அடுத்த ஞாயிறு திருப்பும் முதல் ஐந்து விநாடிதான் உண்மையான பார்வை. அவசரமாகப் புதுக் கண் வேண்டுமென்றால் தலைகீழாக வைத்துப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடியில் பார்க்கச் சொன்னவர் லியனார்டோ டா வின்சி, அப்புறம் வந்த யாரும் அதைவிட மலிவான வழி சொல்லவில்லை. போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது நம் காலத்து வசதி. நிறம் போனதும் படம் முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால், உங்கள் பிரச்சினை நிறம் இல்லை, வெளிச்சமும் இருட்டும் போதாமல் இருப்பது. உங்கள் 2 மணிப் படத்தை நான் அப்படி மாற்றிப் பார்த்தேன். என்ன தெரிந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

இரவில் பார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. வெள்ளை டியூப்லைட்டில் காவி செத்துப் போகும், மஞ்சள் பல்பில் நீலம் செத்துப் போகும். நடுத்தர வெளிச்சம் தரும் 4,000 கெல்வின் எல்இடி ஒன்றை வாங்கி, பார்ப்பதையும் வரைவதையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூட் விஷயத்தில் எனக்கு அனுதாபம் குறைவு. ஒரு காலத்தில் என் படங்களின் பின்பக்கத்தில் தேதியோடு அன்றைய மனநிலையையும் ஒரு வார்த்தையில் எழுதிவந்தேன். 'தலைவலி', 'நல்ல நாள்', 'மழை, கரண்ட் இல்லை' என்று. பல வருஷம் கழித்து, வீடு மாற்றும்போது, திருப்பிப் பார்க்காமல் எது எந்த நாளில் வரைந்தது என்று ஊகிக்கப் பார்த்தேன். பாதிக்கு மேல் தப்பு. எனக்குப் பிடித்த ஒரு நீலப் படத்தின் பின்னால் 'தலைவலி' என்று இருந்தது. மூட் உங்களுக்கு முக்கியம், படத்துக்கு அதைப் பற்றித் தெரியாது.

அதனால் மூட் இல்லாத ஞாயிறுக்கென்று வேலைகளை ஒதுக்கி வையுங்கள். கேன்வாஸுக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடிப்பது, மூன்று டியூபிலிருந்து எத்தனை பச்சை எடுக்க முடியும் என்று கட்டம் போட்டுப் பார்ப்பது, பழைய படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதுவது. பாதி நாள் ஜெஸ்ஸோ காய்வதற்குள் கை தானாக வேலைக்கு வந்துவிடும். வராவிட்டாலும் அடுத்த வாரத்துக்குக் கேன்வாஸ் தயார்.

ஞாயிறு மட்டும் என்பதையும் கொஞ்சம் உடைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியானதும், இருபது நிமிஷம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த காகிதத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் பெயின்டை வைத்து மூடினால் மூன்று நாலு நாள் காயாமல் இருக்கும். எடுத்து வைக்கவும் திரும்ப மூடவும் இரண்டு நிமிஷம். முப்பது நிமிஷம் கடை பரப்ப வேண்டிய வேலையை வேலை முடிந்து டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயிலில் நசுங்கி வந்த யாரும் செய்யமாட்டார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. அச்சுதன் கூடலூர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னையில் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்துகொண்டே, மாலையில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய் வரையப் பழகியவர். தென்னாட்டின் முக்கியமான அரூப ஓவியர்களில் ஒருவர், 2022இல் காலமானார். அவருடைய சிவப்பை ஒருமுறை பார்த்தால் மறக்காது. தனி ஸ்டுடியோ பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இதே மும்பையில் இளமையில் வேலை செய்த நஸ்ரீன் மொஹமதி, பென்சிலும் மையும் கட்டட வரைபடக் கருவிகளும் கொண்டு காகிதத்தில் கோடு போட்டே தன் இடத்தைப் பிடித்தார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. தலைப்பு விஷயத்தில் அவரைப் பின்பற்றுங்கள், தேதி விஷயத்தில் வேண்டாம்.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஜஹாங்கிர் ஆர்ட் கேலரி நடக்கிற தூரம், உள்ளே போகக் காசு இல்லை. மாசத்துக்கு ஒரு லஞ்ச் நேரம் அங்கே போங்கள். சுற்றி வராதீர்கள், ஒரே ஒரு படத்தின் முன் பதினைந்து நிமிஷம் நில்லுங்கள். பிடிக்காத படமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு வாக்கியம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பக்கத்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் ஜஹாங்கிர் நிக்கல்சனின் நவீன ஓவியச் சேகரிப்பு இருக்கிறது, அதில் காய்தோண்டே படங்கள் உண்டு. காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஆயில் வேண்டாம். அது உசத்தி, இது மட்டம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. நாலு பேர் தூங்கும் வீட்டில் டர்பன்டைன் நெடி நல்லதல்ல. மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை அந்தக் கேன்வாஸை எங்கே வைப்பீர்கள்? லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். தோழிக்குத் தனி அறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

முடிந்த படங்களை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. செம்பூரில் முதல் மாடி வீட்டில் இருந்தபோது, ஒன்பது அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றிப் பரணில் ஏற்றினேன். பத்திரமாக வைத்ததாக எண்ணம். செப்டம்பரில் இறக்கிப் பிரித்தபோது ஒரு படத்தின் சிவப்பு அடுத்த படத்தின் முகத்தோடு உரிந்து வந்தது. மற்றவற்றின் பின்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். பிளாஸ்டிக்கில் மூடாதீர்கள், பழைய பருத்திப் புடவை போதும். வெளிச்சுவரில் சாய்க்காமல், உள்சுவரில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். துணிக்கடைப் பைகளில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள்.

பிரஷ் கழுவும் தண்ணீருக்கு இரண்டு டப்பா. முதல் டப்பாத் தண்ணீரை இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கழுவு தொட்டியில் ஊற்றி அடைத்துக்கொண்டால் அதற்கப்புறம் வீட்டில் ஓவியத்துக்கு ஆதரவு கிடைக்காது.

கடைசியாக, அந்த 11 மணிப் படத்தை மறுபடி வரைய முயலாதீர்கள். போட்டோவைப் பார்த்து அதே பச்சையை அதே இடத்தில் இறக்கினால் அது மாம்பழம் வரைவது மாதிரித்தான். சேறான கேன்வாஸை அப்படியே ஒதுக்கி வையுங்கள், வெள்ளையடிக்க வேண்டாம், அந்த அடர்ந்த சாம்பல் பின்னொரு நாள் நல்ல அடித்தளமாக ஆகலாம். புதுசாக ஒன்று, அதே அளவில், மூன்று டியூபோடு. ஒரு மணி நேரம் ஆனதும் நாற்காலி.

அடுத்த முறை இரண்டு போட்டோ அனுப்புங்கள். ஒன்று வருகிற ஞாயிறு 11 மணிக்கு எடுத்தது, இன்னொன்று அதற்கடுத்த ஞாயிறு 11 மணிக்கு. நடுவில் தொடாமல் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை, அனுப்புங்கள்.